ஃப்ரெஞ்ச்ல "எத்தனை மணிக்கு?"ன்னு கேக்குறது எப்படி

ஃப்ரெஞ்ச் புதுசா கத்துக்குறவங்க "கெலெர் எத்தில்"ங்குறத முதல் வாரத்துலயே மனப்பாடம் பண்ணிருவோம், ஆனா அதுக்கு அர்த்தம் "இப்ப மணி என்ன". கச்சேரி எப்ப ஆரம்பிக்கும்னு கேக்கப் போயி இத கேட்டா எதிர்ல இருக்கறவங்க வாட்ச பாத்து பதில் சொல்லிட்டு போயிருவாங்க.

நம்ம "மணிக்கு"ல ஒரு 'க்கு' இருக்குல்ல, அந்த வேலைய ஃப்ரெஞ்ச்ல 'ஆ' பண்ணுது, என்ன, அது முன்னாடி வரும். "ஆ கெலெர்" அப்படின்னா எத்தனை மணிக்கு. பேச்சுல ரொம்ப ஈஸியானது "ஸா கொமான்ஸ் ஆ கெலெர்?", எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும். கொமான்ஸ எடுத்துட்டு ஃபினி போட்டா முடியுறது, ஊவ்ர் போட்டா திறக்குறது, ஃபெர்ம் போட்டா மூடுறது, அவ்ளோதான். எந்த நாள்னு தெரியலன்னா "ஸே கான்?" போதும். வாய் திறந்ததும் முதல்ல "பொன்ழூர்"னு ஒரு வணக்கம் சொல்லிருங்க, அது இல்லாம நேரா கேள்விக்கு போறத அங்க மரியாதக்குறைவா எடுத்துப்பாங்க.

கேக்குறது இவ்ளோதான், பதில் புரியுறதுதான் ரோதனை. 'எர்'னா மணி, அதுக்கு முன்னாடி வர்ற நம்பர் அதோட ஒட்டிக்கும், பல நம்பர்ல நடுவுல தேனீ ரீங்காரம் மாதிரி ஒரு 'ஸ' சத்தம் வரும். ரெண்டு மணி "தெஸெர்", பன்னெண்டு மணி "தூஸெர்". மூணு "த்ருவாஸெர்", பதிமூணு "த்ரேஸெர்". ஆறு "ஸிஸெர்", பதினாறு "ஸேஸெர்". ஜோடி ஜோடியா பாருங்க, கிட்டத்தட்ட முதல் உயிர் சத்தம் மட்டும்தான் மாறுது, ஆனா நேரம் பத்து மணி நேரம் தள்ளிப் போகுது. நான் ஒரு தடவ ஸேஸெர்ங்குறத ஸிஸெர்னு எடுத்துக்கிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கு ஜம்முனு போய் நின்னேன், நாலு மணிக்கே ஆரம்பிச்ச நாடகம் முடிஞ்சு சேர மடக்கிட்டு இருந்தாங்க.

டிக்கெட், போஸ்டர்ல எல்லாம் 24 மணி கணக்குதான், 20-க்கும் 30-க்கும் நடுவுல ஒரு சின்ன எச் போட்டிருப்பாங்க, அது ராத்திரி எட்டரை, படிக்கும்போது "வேன்தெர் த்ரான்த்". அதே எட்டரைய ஃப்ரெண்டு சொன்னா "உயித்தெர் ஏ தெமி" ஆயிரும், தெமின்னா அரை. இந்த அரை, கால் எல்லாம் 12 மணி கணக்கோட மட்டும்தான் ஒட்டும், வேன்தெர் கூட தெமி சேக்காதீங்க. எட்டே முக்கால அவங்க "நெவெர் முவான் லெ கார்"னு ஒம்போதுல கால் குறைச்சு சொல்லுவாங்க, ஒம்போதுன்னு காதுல விழுந்ததும் திரும்பிராதீங்க, வாலையும் கேட்டுட்டு போங்க.

இன்னொண்ணு, நமக்கு மணி வேற மணி நேரம் வேற, அவங்களுக்கு ரெண்டுமே எர்தான். "ஆ தெஸெர்"னா ரெண்டு மணிக்கு, "தான் தெஸெர்"னா இன்னும் ரெண்டு மணி நேரத்துல.

சந்தேகமா இருந்தா கூச்சப்படாம திருப்பிக் கேளுங்க. தூஸெரா தெஸெரான்னு குழப்பமா, "மிதி?"ன்னு கேட்டுருங்க, மத்தியானம் பன்னெண்டுக்கு அதான் பேரு. அதுக்கும் பிடிபடலன்னா போனை நீட்டி "வூ பூவே லேக்ரீர்?", எழுதித் தர்றீங்களான்னு கேட்டுருங்க, நான் இப்ப எல்லாம் அதத்தான் முதல்லயே பண்றேன்.