அடங்கியிருப்பது வளர்ச்சி ஆகாது: தொடக்கப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தொடக்கப் பள்ளி வகுப்பறை ஒன்றைப் பார்வையிட வருபவர் முதலில் கவனிப்பது அங்கே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதைத்தான். குழந்தைகள் கைகட்டி அமர்ந்திருந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த அமைதி, தன் கோபத்தையும் அச்சத்தையும் கையாளக் கற்றுக்கொண்ட குழந்தைகளிடமிருந்து வந்ததா, அவற்றை வெளியே காட்டினால் என்ன நேரும் என்று தெரிந்துகொண்ட குழந்தைகளிடமிருந்து வந்ததா என்பதை யாரும் கேட்பதில்லை. குழந்தைகளின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சிக்கு உதவ முயல்வோர் செய்யும் தவறுகளில் பல இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. அவை நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் எளிதில் கண்ணில் படுவதுமில்லை.

அழும் குழந்தையிடம் “இதற்கெல்லாமா அழுவார்கள்?” என்று கேட்பது அவற்றுள் மிகப் பழையது. ஆறுதல் சொல்வதாக நினைத்தே அப்படிச் சொல்கிறோம். ஆனால் குழந்தையின் காதில் விழுவது, தான் உணர்வதே தவறு என்பதுதான். உந்துதலைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பிறகும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியிருக்க, ஆறு வயதுக் குழந்தை ஒரு சொல்லில் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அதைவிடப் பயனுள்ளது, உணர்வுக்கு ஒரு பெயர் கொடுப்பது. உணர்வைச் சொல்லால் குறிக்கும்போது, அச்சம் போன்ற உணர்வுகளில் முக்கியப் பங்கு வகிக்கும் மூளையின் அமிக்டலா பகுதியின் கொதிப்பு தணிகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுதான் என்றாலும், “உன் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது, ஏமாற்றமாக இருக்கிறது, இல்லையா?” என்று கேட்கப்பட்ட குழந்தையின் முகம் மாறுவதைப் பார்த்த ஆசிரியருக்கு அது வியப்பளிக்காது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கோபம் உச்சத்தில் இருக்கும் நேரம் அறிவுரைக்கான நேரமன்று. அப்போது “ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்டால் குழந்தையிடம் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்த மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.

உடனடியாக மன்னிப்புக் கேட்க வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் தவறு என்றே கருதுவதில்லை. இருவர் சண்டையிட்டதும் அவர்களை எதிரெதிரே நிறுத்தி, “சாரி சொல், கைகொடு” என்கிறோம். அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அடித்த குழந்தை இதிலிருந்து கற்பது, ஒரு சொல்லைச் சொன்னால் விஷயத்திலிருந்து வெளியே வந்துவிடலாம் என்பது. அடிபட்ட குழந்தை கற்பது, தன் வலி ஆறாவிட்டாலும் “பரவாயில்லை” என்று சொல்லியாக வேண்டும் என்பது. இருவரும் தணிந்த பிறகு தனித்தனியே கேட்டறிந்து, “அவளுக்கு என்ன ஆனது, அதைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும்?” என்று கேட்டால், கிழித்த தாளை ஒட்டித் தருவதிலிருந்து மறுநாள் தன் பக்கத்தில் இடம் கொடுப்பது வரை குழந்தைகளே வழி சொல்வார்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தை வீண் என்று கருதுபவர்கள், அதே இருவருக்காக ஒவ்வொரு வாரமும் செலவாகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தவறு செய்தவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளில் ஒவ்வொருவரின் நிலையையும் எல்லோரும் பார்க்கும்படி மாட்டுவது போன்றவற்றைக் கைவிட்டுவிடலாம். பெரும்பாலும் அதே மூன்று நான்கு பெயர்களே அங்கு இடம்பெறுகின்றன. நாளடைவில் வகுப்பு முழுவதும் அவர்களை அந்த நிறத்தின் வழியாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. விளையாட்டு இடைவேளையைத் தண்டனையாகப் பறிப்பதும் இத்தகையதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையை நிறுத்தக் கூடாது என்று தெளிவாகக் கூறியது. விட்டுக்கொடுப்பதையும், சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதையும், தோல்வியைத் தாங்குவதையும் குழந்தைகள் பயில்வது அங்கேதான். அந்தப் பயிற்சி மிகவும் தேவைப்படும் குழந்தையே பெரும்பாலும் அதை இழக்கிறது.

பரிசுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1973இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளுள் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. சில நாள்கள் கழித்து விரும்பியதைச் செய்ய விட்டபோது, அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. பகிர்ந்து உண்டதற்கு ஒரு நட்சத்திரம், உதவியதற்கு ஒரு நட்சத்திரம் என்று பேரம் பேசும்போதும் இதே ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து. “நீ தள்ளி அமர்ந்ததால் அவனுக்கு இடம் கிடைத்தது” என்று, செயலின் விளைவைக் குழந்தைக்குக் காட்டுவதே போதும்.

எல்லா மோதலையும் ஒரே தராசில் நிறுப்பது கடுமையான தவறு. கொடுமைப்படுத்தலை ஆராய்ந்த முன்னோடியான டேன் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார்: தீங்கு செய்யும் நோக்கம், மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு. சமமான இருவரின் சண்டையில் “உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்பது நல்ல வழி. கொடுமைப்படுத்தலில் அதையே செய்தால், அஞ்சி நடுங்கும் குழந்தையை அதைத் துன்புறுத்துபவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அங்கே தலையிட வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, பச்சாதாபம் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, அடுத்த வேளையில் குறைந்த மதிப்பெண்ணை வகுப்பறிய வாசிப்பதால் பயனில்லை. குழந்தைகள் பாடத்தைவிட ஆசிரியரின் குரலைத்தான் கவனிக்கிறார்கள். இதற்கு நேரம் ஒதுக்கினால் படிப்பு கெடும் என்ற அச்சமும் தேவையற்றது. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்ற 213 சமூக, மனவெழுச்சிக் கற்றல் திட்டங்களை ஆராய்ந்து, அவற்றில் சேர்ந்தவர்களின் கல்வித் தேர்ச்சி 11 சதமானப் புள்ளிகள் (நூறு பேர் கொண்ட தரவரிசையில் 11 இடங்கள்) உயர்ந்திருந்ததைக் கண்டது. படிப்படியாகவும், செய்து பழகும் வகையிலும், போதிய நேரம் ஒதுக்கியும், எந்தத் திறனை வளர்க்கிறோம் என்ற தெளிவோடும் நடத்தப்பட்டவையே சிறந்த பலன் தந்தன.

இவை எல்லாவற்றிலும் எளிதில் தப்பிப்போவது, யாருக்கும் தொல்லை தராத குழந்தை. சத்தமிடும் குழந்தையைப் பற்றிப் பத்து முறை பேசும் ஆசிரியர்கள், இடைவேளையில் சுவரோரம் நிற்கும் குழந்தையைச் சமர்த்து என்று குறித்துவிட்டு நகர்கிறார்கள். இயல்பாகவே தனிமையை விரும்பும் குழந்தைகள் உண்டு. அவர்களை இழுத்து நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் முன்பு விளையாடிய குழந்தை ஒதுங்கினாலோ, உணவை மறுத்தாலோ, அடிக்கடி வயிற்றுவலி என்று சொன்னாலோ, அது வாரக்கணக்கில் நீடித்தாலோ, பெற்றோரிடமும் பள்ளியின் மனநல ஆலோசகரிடமும் பேசத் தாமதிக்கக் கூடாது. அந்தக் குழந்தையை வகுப்பு வட்டத்தில் அமரவைத்து எல்லோர் முன்னிலையிலும் மனம் திறக்கச் சொல்லக் கூடாது. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்ற வாக்குறுதியும் கூடாது, ஏனெனில் வெளிவருவது அக்குழந்தையின் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் அந்த வாக்கை மீறியே ஆக வேண்டும். “உன்னைப் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், அவர்கள் யார் என்பதை உனக்கும் சொல்வேன்” என்று முதலிலேயே கூறிவிட்டு, குழந்தை தன் வேகத்தில் பேசி முடிக்கும் வரை இடைமறிக்காமல் கேட்க வேண்டும்.