தோட்டப் பாடசாலை மீது பெற்றோரின் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி?

ஒற்றை மண்டபத்தில் ஐந்து வகுப்புகளையும் ஓர் ஆசிரியரே பார்த்துக்கொண்ட காலத்தின் நினைவு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான எமது லயங்களில் இன்னும் மறையவில்லை. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர் நிலைமை எவ்வளவோ மாறியிருந்தும், கையில் சற்று வசதி வந்தவுடன் பிள்ளையை வேனில் ஏற்றி ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ அனுப்புவதே கௌரவம் என்ற எண்ணம் பலரிடம் நிலைத்திருக்கிறது. இதை மாற்ற விரும்பும் அதிபர், மதிலுக்கு வர்ணம் பூசுவதற்கு முன்பாகப் பெற்றோர் கூட்டத்தின் நேரத்தை மாற்ற வேண்டும்.

காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லாமற் போகும், அல்லது அரைப் பேர்தான் விழும். அதனால் வராதவரைப் பிள்ளை மீது அக்கறையற்றவர் என்று எழுதி வைப்பது பெரும் அநீதி. கொழுந்து நிறுத்து முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ, லயத்துக்கு அருகிலுள்ள கோயில் மண்டபத்தில் கூடுங்கள். அங்கே உரைகளைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியையும் திறந்து, தவணைத் தொடக்கத்தில் எழுதிய பக்கத்தையும் இறுதியில் எழுதிய பக்கத்தையும் தாயிடம் காட்டுங்கள். எழுத்துகள் கோட்டை விட்டுச் சரிந்து கிடந்த கொப்பியில் இப்போது தன் பெயரே பிழையின்றி எழுதப்பட்டிருப்பதைக் கண்டவர், மறுநாள் மலையில் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறிப்பவரிடம் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பாடசாலையின் பெயர் அந்த நிரைகளில்தான் உருவாகிறது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்களை மட்டும் வாயிலில் தொங்கவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஏனைய பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் தினமும் அதைக் கடந்துதான் வருகிறார்கள். இங்கே படித்துப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குச் சென்று ஆசிரியரானவர்களையும், தாதியாகவோ தொழில்நுட்பவியலாளராகவோ வேலை செய்பவர்களையும் அழைத்து வந்து வகுப்பறையில் பேசவையுங்கள்.

பணத்தைப் பற்றிய சந்தேகம் எல்லா நற்பெயரையும் கெடுத்துவிடும். இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கென வாங்கும் ஒவ்வொரு ரூபாவின் கணக்கும் அறிவித்தல் பலகையில் தமிழில் இருக்க வேண்டும். கணக்கைப் போலவே, மலசலகூடத்தில் தண்ணீர் வருவதையும் அதிபரே தினமும் பார்க்க வேண்டும்.

முதலாம் தர அனுமதிக்கு விண்ணப்பங்கள் கோரப்படுவதற்கு முன், தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்துச் சிறுவர்களை அவர்களுடைய ஆயாவுடன் ஒரு காலைப்பொழுது அழைத்து வந்து, முதலாம் தரப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடவும் வரையவும் விடுங்கள். அவர்கள் வரைந்த தாள்களை மாலையில் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள்.