தக்த்சங் ஏறப் போகிறீர்களா? மதியம் ஒரு மணியை மனதில் வையுங்கள்

பூடானின் பாரோ பள்ளத்தாக்குக்கு மேலே, செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்த மாதிரி நிற்கிறதே, அந்தத் தக்த்சங் மடாலயத்துக்குக் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் தாராளமாகத் திரும்பிவிடலாம். ஒரே சிக்கல், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை என்று உள்ளே விடமாட்டார்கள். நான் முதல் தடவை ஒன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்து, வியர்வை காய்ந்து குளிரெடுக்க, படிக்கட்டிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒரு மணியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: உள்ளே சுற்ற ஒரு மணி நேரம், ஏற இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம், பாரோவிலிருந்து அடிவாரத்துக்குக் காரில் அரை மணி. காலை ஏழு மணிக்கெல்லாம் வண்டியில் இருந்தால் பதற்றமே இல்லை, வெயிலும் அவ்வளவாக உறைக்காது.

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். மடாலயம் 3120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே ஏறினால் தலை கிறுகிறுக்கும். பயணத்தின் கடைசிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கே வேண்டாம். மாதம் என்று பார்த்தால் மார்ச் முதல் மே வரை, இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் பாதை முழுக்கச் சேறு, மடாலயம் மேகத்துக்குள் போய்விடும்.

டிக்கெட்டை அடிவாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இந்தியர்கள் ஓர் இரவுக்குக் கட்டும் 1200 ரூபாய் சுற்றுலாக் கட்டணத்தில் இது சேராது, தனி. ஊன்றுகோலும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். எட்டாம் நூற்றாண்டில் பௌத்த குரு பத்மசம்பவர் புலி மேல் பறந்து வந்து இந்தக் குகையில் தவம் செய்தார் என்பது ஐதீகம். அவருக்குப் புலி கிடைத்தது, நமக்குக் குதிரைதான், அதுவும் பாதி வழியில் இருக்கும் சிற்றுண்டிச்சாலை வரைதான், இறங்க அதுவும் கிடையாது. என்னைக் கேட்டால் குதிரை வேண்டாம், அது பாதையின் ஓரமாகப் பள்ளத்தை ஒட்டியே நடக்கும், மேலே இருக்கிற நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

சிற்றுண்டிச்சாலையில் ஒரு டீ, பத்து நிமிடம், அவ்வளவு போதும். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் மடாலயம் நேர் எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கும். வந்துவிட்டோம் என்று குஷியாகிவிடாதீர்கள். நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, அருவிச் சாரல் முகத்தில் அடிக்கும் சின்னப் பாலத்தைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். மூச்சு வாங்குவது இங்கேதான். படம் எல்லாம் இந்தப் பக்கமே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் வாசலில் போன், கேமரா, பை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்தாக வேண்டும்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், சுலபமாகக் கழற்றும் ஷூ, தடித்த சாக்ஸ். சாக்ஸை மறந்துவிடாதீர்கள், உள்ளே தரை ஐஸ் மாதிரி சில்லென்று இருக்கும். 1692-இல் கட்டத் தொடங்கிய மடாலயம் 1998-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி போய், பழையபடியே திருப்பிக் கட்டினார்கள், அதனால் மரவேலைகள் சில புதுசாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இவ்வளவு மரத்தையும் கல்லையும் இந்தப் பாதையில் எப்படித்தான் கொண்டுவந்தார்களோ!

அப்புறம் ஒன்று. பாரோவில் பல தங்குமிடங்களில் சூடான கல் குளியல் உண்டு, மரத்தொட்டித் தண்ணீரில் பழுக்கக் காய்ச்சிய கற்களைப் போட்டுச் சூடாக்குவார்கள். கல் காய நேரம் பிடிக்கும், அதனால் காலையில் கிளம்பும்போதே சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.