ஸ்கின் கேன்சர் ட்ரீட்மெண்ட் நேரத்துல தோலையும் பாத்துக்கணும், வெயிலையும் சமாளிக்கணும்: முதல்ல இருந்து ஒவ்வொண்ணா

நம்ம கலருக்கு ஸ்கின் கேன்சர் எல்லாம் வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. தோலுக்கு நிறம் குடுக்கற மெலனின் நிறைய இருக்கறதால வெள்ளைக்காரங்களவிட நமக்கு ரொம்ப கம்மிதான், ஆனா வராமலே போகாது. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-ல இறந்தது கால் பெருவிரல் நகத்துக்கடியில ஆரம்பிச்ச மெலனோமாங்கற ஒரு வகை ஸ்கின் கேன்சராலதான். உள்ளங்கால், நகத்தடியில வர்றதுக்கும் வெயிலுக்கும் பெருசா சம்பந்தமில்ல, மூஞ்சி காது கீழ் உதட்டுல வர்றதுக்கு வெயில் முக்கிய காரணம். ஆனா கேன்சர் எங்க வந்திருந்தாலும், ட்ரீட்மெண்ட் பாத்த தோலுக்கு வெயில் ஆகாது.

ஸ்டெப் 1: பயாப்ஸி (தோல்ல சின்னதா எடுத்து டெஸ்ட் பண்றது) ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. இது எந்த வகை ஸ்கின் கேன்சர், பேசல் செல்லா, ஸ்குவாமஸ் செல்லா, மெலனோமாவா? வெட்டி எடுத்தாச்சுன்னா, எடுத்த துண்டோட ஓரம் கேன்சர் இல்லாம க்ளியரா இருக்கா? அடுத்து என்னங்கறது பெரும்பாலும் இந்த பதில வச்சுதான். கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, பயத்துல பாதி காதுலயே விழாது.

ஸ்டெப் 2: ஆபரேஷன் புண்ணு. மஞ்சள், காபித்தூள், தேங்காயெண்ணெய் எதுவும் வேணாம், பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. சொன்ன நாள் வரைக்கும் கட்டு நனையாம பாத்துக்கோங்க. ரத்தம் கசிஞ்சா சுத்தமான துணிய வச்சு 20 நிமிஷம் விடாம அழுத்துங்க, நின்னுச்சான்னு நடுவுல நடுவுல எடுத்துப் பாத்தாதான் நிக்காது, அப்படியும் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுற வலி இருந்தாலும் அதேதான்.

ஸ்டெப் 3: ரேடியேஷன்னா (கதிர் சிகிச்சை) அந்த இடத்துல மைல்டு சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, துண்டால ஒத்தி எடுக்கறது, அவ்வளவுதான். தேய்க்கக்கூடாது, பவுடர் சென்ட் கூடாது, ஐஸும் ஒத்தடமும் கூடாது, கதிர் வைக்கற இடத்துக்கு மார்க் போட்டிருந்தா அழிச்சிடாதீங்க. கடைசி நாள் முடிஞ்சதும் செவப்பு குறையும்னு எதிர்பாக்காதீங்க, அதுக்கப்புறமும் ஒரு வாரம் பத்து நாள் கூடிட்டுப் போய்தான் இறங்கும், இது தெரியாம வீட்ல எல்லாரும் பதறிடுவாங்க.

கேன்சர் செல்ல அழிக்கற ஃப்ளூரோயுராசில் க்ரீம் தடவறவங்களுக்கும் இதே கதை, செவந்து பொருக்குத் தட்டும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். தடவிட்டு கை கழுவுங்க, வீட்ல நாய் இருந்தா ட்யூபுக்குக் கிட்டயே விடாதீங்க, அதுக்கு அது கடும் விஷம். இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சருக்கு எதிரா தூண்டற ஊசி) போறவங்க பேதி, இருமல், மூச்சு வாங்கறது எதையும் சாதாரணமா விடாதீங்க, ஊசி முடிஞ்சு சில மாசம் கழிச்சுகூட வரலாம், உடனே டாக்டருக்கு போன் போடுங்க.

இன்னொண்ணு, இது தொத்து வியாதி இல்ல. தட்டு டம்ளர தனியா வைக்கற வேலையெல்லாம் வேணாம். "மூஞ்சில என்னாச்சு"ன்னு கல்யாண வீட்ல நாலு பேர் கேப்பாங்க, "சின்ன ஆபரேஷன், முடிஞ்சிடுச்சு"ன்னு ஒரு பதில ரெடியா வச்சுக்கோங்க, மீதிய சொல்லணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 4: வெயில். எல்லாரும் முதல்ல சன்ஸ்கிரீன் வாங்க ஓடுவாங்க, என்னக் கேட்டா அது மூணாவதுதான். முதல்ல நேரம். உங்க நிழல் உங்கள விட குட்டையா இருந்தா வெயில் கடுமைன்னு அர்த்தம், ஏறக்குறைய 10-ல இருந்து 4 வரைக்கும். போன் வெதர் ஆப்ல யூவி இண்டெக்ஸ் (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரோட அளவு) 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும், சென்னை கோடை மத்தியானத்துல 11-யும் தாண்டும். வடாம் பிழிய மொட்டமாடிக்குப் போறதா இருந்தா எட்டு மணிக்குள்ள முடிச்சிட்டு இறங்கிடுங்க, காக்கா விரட்டற வேலைய வேற யாருக்காவது குடுங்க.

ரெண்டாவது துணி. இழை நெருக்கமா நெய்த முழுக்கை சட்டை, குடை, காதும் பிடரியும் மறைக்கிற அகல விளிம்புத் தொப்பி. சும்மா கேப் போட்டா காது வெளியதான் இருக்கும். மெல்லிசு வெள்ளைத் துணி வேர்வையில நனைஞ்சா பாதுகாப்பு இன்னும் குறையும்.

அப்புறம்தான் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கற அளவு) 30 இல்லன்னா அதுக்கு மேல, தோலுக்குள்ள ஆழமா போற யூவிஏ கதிரையும் தடுக்கறதா பாத்து வாங்குங்க. மூஞ்சிக்கும் கழுத்துக்கும் சேத்து ரெண்டு விரல் நீளம் வேணும், நம்மாளுங்க பட்டாணி அளவு தடவிட்டு வேலை செய்யலன்னு சொல்லுவாங்க. வெளிய போக 20 நிமிஷம் முன்னாடி போட்டு, ரெண்டு மணி நேரத்துக்கொருக்கா, வேர்த்துத் தொடச்சா மறுபடியும். கீழ் உதட்டுக்கு எஸ்பிஎஃப் இருக்கற லிப் பாம். ஆறாத புண்ணு மேலயும், ரேடியேஷன் நடக்கற இடத்துலயும் டாக்டர கேக்காம தடவாதீங்க, அங்க துணிதான். மேகமூட்டம்னு ஏமாறாதீங்க, யூவி மேகத்தையும் தாண்டி வந்துடும், யூவிஏ கண்ணாடி ஜன்னல் வழியாவும் வரும்.

ஸ்டெப் 5: மாசம் ஒரு தடவ நல்ல வெளிச்சத்துல உடம்பு முழுக்கப் பாருங்க. நெயில் பாலிஷ அழிச்சிட்டு நகத்தடி, உள்ளங்கால், விரலிடுக்கு, பழைய தீக்காயத் தழும்பு, முதுகுக்கு வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க. ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இல்லாத மச்சம், ஓரம் கோணலா இருக்கறது, பல கலர், 6 மில்லிமீட்டருக்கு மேல, எல்லாத்துக்கும் மேல மாறிட்டே இருக்கறது, இதெல்லாம் கவனிங்க. சந்தேகமா இருந்தா பக்கத்துல ஸ்கேல் வச்சு போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. நாலு வாரத்துல ஆறாத புண்ணு, நகத்துல புதுசா ஒரு கறுப்புக் கோடு, இதுக்கெல்லாம் அடுத்த செக்கப் தேதி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, போட்டோவ எடுத்துக்கிட்டு முன்னாடியே போய் காட்டுங்க.