ஜெர்மனியில் முதுகலை படிக்க வருகிறீர்களா? முதலில் பாடத்திட்டத்தைத் தேடி எடுங்கள்

ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்து யாராவது ஒரு தம்பி போன் செய்வான். "அண்ணா, எட்டு சிஜிபிஏ வைத்திருக்கிறேன், ஜெர்மனியில் கிடைக்குமா?" பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "கணக்குப் பாடம் எத்தனை செமஸ்டர் படித்தாய்?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

நம் ஊரில் கட்-ஆஃப் போட்டு, 200-க்கு எவ்வளவு என்று பார்த்து, கவுன்சிலிங்கில் வரிசையாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். இங்கே மார்க் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் கேள்வி அதுவல்ல. நீங்கள் இளங்கலையில் படித்த பாடங்கள், இந்த முதுகலைக்கு அவர்கள் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா? அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒன்பது வாங்கிய மெக்கானிக்கல் மாணவருக்குக் கணினி அறிவியலில் இடம் கிடைக்காமல் போவதும், ஏழரை வாங்கிய கணினி மாணவருக்குக் கிடைப்பதும் இதனால்தான்.

பல துறைகளின் மாணவர் சேர்க்கை விதிமுறையில் இதை எண்ணிக்கையாகவே எழுதியிருப்பார்கள்: கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ், அடிப்படைப் பாடங்களில் இத்தனை ஈசிடிஎஸ் என்று. ஈசிடிஎஸ் என்பது ஐரோப்பிய கிரெடிட் கணக்கு. ஒரு முழு வருடப் படிப்புக்கு 60. வகுப்பு நேரம் மட்டுமல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். அதனால் உங்கள் மார்க் ஷீட்டில் "4 கிரெடிட்" என்று இருப்பது இங்கே 4 ஈசிடிஎஸ் ஆகாது.

பொருத்தத்தைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. "மேத்ஸ் 2" என்று மார்க் ஷீட்டில் இருந்தால் அதற்குள் என்ன இருந்தது என்று இங்குள்ளவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் ரெகுலேஷனுக்கான பாடத்திட்டத்தை, யூனிட் வாரியாக, பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில துறைகள் ஒரு அட்டவணை கொடுத்து, அவர்கள் பாடத்துக்கு எதிரே உங்கள் பாடத்தை எழுதச் சொல்வார்கள். அதை ஒரே ராத்திரியில் நிரப்பாதீர்கள். நான் என் முதல் விண்ணப்பத்தில் அப்படித்தான் செய்தேன். புள்ளியியல் பாடத்தை வேறொரு தலைப்பின் கீழ் போட்டுவிட்டேன், நிராகரிப்புக் கடிதத்தில் "புள்ளியியல் போதவில்லை" என்று வந்தது. படித்திருந்தேன், காட்டத் தெரியவில்லை.

அடுத்தது மார்க். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 பாஸ். எண் குறையக் குறைய நல்லது. நம் மதிப்பெண்ணை மாற்ற, திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 10-க்கு 8 வாங்கி, பாஸ் 5 என்றால் 2.2 வரும். அதே எட்டுக்கு, பாஸ் 4 என்று எடுத்தால் 2.0, பாஸ் 6 என்று எடுத்தால் 2.5. பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைந்தபட்ச பாஸ் கிரேடு எது என்பது சின்ன விஷயமில்லை. மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் கிரேடு அட்டவணை அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கல்லூரியில் கேட்டு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

இனி காகித வேலை. இந்தியச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும். உங்கள் மார்க் ஷீட்டுகள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துக் கொடுப்பது இது. 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்கே இது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே கேட்கின்றன. இலங்கைச் சான்றிதழோடு வருபவர்களுக்கு இந்த வேலை இல்லை.

சில பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பலவற்றுக்கு, வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் போக வேண்டும். ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் ஆவணங்களைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட்டு அனுப்புவார்கள், இடம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் யூனி-அசிஸ்ட் கொடுக்கும் முன்சரிபார்ப்புச் சான்றிதழை நீங்களே வாங்கிச் சேர்க்க வேண்டும். அதற்குப் பல வாரம் ஆகலாம். அக்டோபரில் தொடங்கும் குளிர்காலச் செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று எங்கும் படிப்பீர்கள். அதை நம்பி உட்காராதீர்கள், ஆங்கிலவழி முதுகலைகளில் பல மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள்ளேயே மூடிவிடும்.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் 6.5 இருந்தால் பெரும்பாலான இடங்களில் போதும். ஆங்கிலவழியில் படித்ததாகக் கல்லூரி தரும் கடிதத்தைச் சில துறைகள் ஏற்கும், பல ஏற்காது. பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக இளங்கலைக்கு வர நினைப்பவர்களுக்கு வழி வேறு: பொதுவாக ஒரு வருடம் ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு, அதற்கு ஜெர்மன் மொழி வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்கள் பொறியியலுக்கும் அறிவியலுக்கும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

"ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது" என்று ஊரில் சொல்வதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடெல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலச் செமஸ்டர் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதுகலையில் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. மற்றபடி பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள், போடும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், இலவசமாக அட்மிஷன் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட் உங்களைத் தனியார் கல்லூரிப் பக்கமே தள்ளினால், அவருடைய கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஹோக்ஷூல்கொம்பாஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒரு ஜெர்மன் கல்வி நிறுவனத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று நீங்களே பார்க்கலாம், காசு கிடையாது.

இனி நம்மவர்களுக்கென்றே இருக்கும் தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "செ. கார்த்திக்", பட்டச் சான்றிதழில் "கார்த்திக் செ.", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வராஜ்". நமக்கு மூன்றும் ஒரே ஆள். இங்குள்ள குமாஸ்தாவுக்கு மூன்று பேர். விண்ணப்பம், ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே அதைச் சரிசெய்வது நல்லது. இங்கே எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகராது. இனிஷியலின் விரிவு இதுதான் என்று காட்ட ஒரு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் கையில் இருக்கட்டும்.

வந்து இறங்கியபின் அனுமதிக் கடிதம் மட்டும் இருந்தால் மாணவர் ஆகிவிட மாட்டீர்கள். குறிப்பிட்ட தேதிக்குள் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அதற்கு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் உங்களைப் பற்றிய தகவலைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் அனுப்பியிருக்க வேண்டும். 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணத்தில் பொதுக் காப்பீடு எடுக்கலாம். பத்து, பிளஸ் டூ, கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், புரொவிஷனல் ஆகியவற்றின் அசல்கள் கைப்பையில் வரட்டும், பெட்டியில் போடாதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய், சட்டையும் புளிக்காய்ச்சலும் மூன்று நாள் கழித்து வந்தால் பரவாயில்லை.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவு முடிந்த அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணோடு பெட்டியில் உள்ள பெயரையும் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் காப்பீட்டு அட்டை, வரி எண், வங்கிக் கடிதம் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். "கார்த்திக்" என்று மட்டும் ஒட்டினால் போதாது. இந்த நாட்டுக்கு நீங்கள் திரு. செல்வராஜ். அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.