ரவான் லூப்பை ரீப்பரில் ப்ராஜெக்ட் வேகத்துக்குப் பொருத்துவது

ரவான் (ஆட்டுத்தோல் கட்டிய மொரீஷியஸ் பறை) லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டை, மெட்ரோனோமோடு சேர்ப்பதில், இழுப்பது ஒரு நிமிட வேலை. எண்ணுவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மொரீஷியஸில் வீட்டில் உட்கார்ந்து, அந்தத் தீவின் இசையான சேகா கலந்து பாட்டுச் செய்யும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். எனவே எண்ணுவதைப் பற்றி அதிகம் எழுதப்போகிறேன்.

நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் பிடித்திருந்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். தொடங்குகிறவர்கள் இதைவிட அதிகம் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. மற்ற மென்பொருள்களில் பட்டன்களின் பெயர் மாறும், கணக்கு மாறாது. டிராக் போடுவது, வெட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கோப்பு. வாசித்தவர் போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கேளுங்கள். எம்பி3-இல் தொடக்கத்தில் துளி மௌனம் ஒட்டிக்கொண்டு வரும். இன்னொன்று, நான்கு பார் லூப் வேண்டுமென்றால் ஐந்து பார் வாசிக்கச் சொல்லுங்கள். காரணம் கீழே வரும். கோப்பை உள்ளே போட்டதும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அடி எழும் இடத்தில் வெட்டிவிடுங்கள்.

எண்ணுவது

சேகா ஆறெட்டில் (6/8) ஓடும். கோயில் தவிலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், திஸ்ர நடைதான்: தகிட, தகிட. ஒரு பாருக்கு இரண்டு தகிட. ஒவ்வொரு ‘த’ மேலும் காலைத் தட்டுங்கள். அந்தத் தட்டுதான் பீட். நான்கு பார் என்றால் எட்டுத் தட்டு.

இனி நீளம். எட்டாவது தட்டு வரை அளந்தால் கிடைப்பது ஏழு பீட்டின் நீளம்தான். கடைசி அடியின் ஒலி அடங்கும் இடமும் லூப்பின் முடிவு ஆகாது. ஒன்பதாவது ‘த’ எழும் இடம் வரை, அதாவது சுற்று மறுபடி தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். ஐந்தாவது பார் கேட்டது இதற்குத்தான். அந்தப் பகுதியை மேலே ரூலரில் தேர்ந்தெடுத்தால் டிரான்ஸ்போர்ட் பட்டையில் நீளம் தெரியும். 4.8 நொடி வந்தது என்று வையுங்கள்:

8 × 60 ÷ 4.8 = 100

லூப்பின் வேகம் நிமிடத்துக்கு 100 பீட்.

இதே லூப்பைத் தானாக வேகம் கண்டுபிடிக்கும் கருவியிடம் கொடுத்தால் 150 என்றும் சொல்லக்கூடும். த, கி, ட ஒவ்வொன்றையும் ஒரு சிற்றடி என்று எண்ணினால் நிமிடத்துக்கு 300 சிற்றடி இருக்கிறது. நாம் மும்மூன்றாகக் கட்டி 100 என்கிறோம். அது இரண்டிரண்டாகக் கட்டி 150 என்கிறது. அதை நம்பி 100 வேக ப்ராஜெக்டில் விட்டால் மென்பொருள் லூப்பை ஒன்றரை மடங்கு நீட்டிவிடும், சேகா இழவு வீட்டுத் தாளம் ஆகிவிடும். ஏபிள்டன் மென்பொருளில் வேகத்தைப் பாதியாக்கவும் இரட்டிப்பாக்கவும் பட்டன்கள் உண்டு. அவற்றை அழுத்தினால் 75 வரும், 300 வரும், 100 மட்டும் வராது. எண்ணைக் கையால்தான் அடிக்க வேண்டும்.

இழுப்பது

ப்ராஜெக்டை 4/4-இலேயே வைத்திருங்கள். ஒரு தகிட ஒரு பீட், ஆகவே எட்டுத் தகிட இரண்டு பாரில் அடங்கும். ஆல்ட்+எல் அழுத்தினால் வரும் பெட்டியில் கிரிட்டை டிரிப்லெட் (பீட்டை மும்மூன்றாகப் பிரிப்பது) ஆக்குங்கள், கோட்டில் ஒட்ட வைக்கும் ஸ்னாப்பைப் போடுங்கள்.

ப்ராஜெக்ட் வேகம் 110 என்று வைப்போம். லூப்பை ஒன்பதாவது ‘த’வுக்குச் சற்று முன்னால் ஒட்ட வெட்டி, முதல் பாரின் தொடக்கத்தில் வையுங்கள். ஆல்ட்டை (மேக்கில் ஆப்ஷன்) அழுத்திக்கொண்டு வலது ஓரத்தைப் பிடித்து மூன்றாம் பாரின் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். முடிந்தது.

சரிபார்க்க எஃப்2. அங்கே பிளேபேக் ரேட் 1.1 அளவில் இருக்க வேண்டும், 110 ÷ 100. 0.733 (110 ÷ 150) இருந்தால் ஒரு பார் தள்ளி இழுத்திருக்கிறீர்கள். அந்த 150 பின்வாசலால் நுழைந்துவிட்டது.

அதே பெட்டியில் சுருதியைக் காக்கும் ‘பிரிசர்வ் பிட்ச்’ இருக்கிறது. எல்லோரும் அதைப் போட்டே வைக்கச் சொல்வார்கள். வெறும் ரவானுக்கு நான் எடுத்துவிடுவேன். 1.1 வேகத்தில் சுருதி ஒன்றரை செமிடோனுக்குச் சற்று மேல் ஏறும், அவ்வளவுதான். அடியின் கூர்மை கெடாது. வாசிக்கும் முன் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதே சுருதி ஏறத்தானே! குரலோ அக்கார்டியனோ சேர்ந்திருந்தால் மட்டும் போட்டு வையுங்கள், அல்காரிதம் எலாஸ்டிக் ப்ரோ.

ஒவ்வொரு சிற்றடியையும் கிரிட்டில் ஒட்ட வைக்காதீர்கள். தகிடவின் மூன்று அடியும் சம இடைவெளியில் விழுவதில்லை. அந்தக் கோணல்தான் சேகா. பாரின் முதல் அடி கோட்டில் விழுந்தால் போதும்.

பின்னால் ப்ராஜெக்ட் வேகத்தை மாற்றும்போது லூப்பும் கூடவே வர வேண்டுமென்றால், ஐட்டம் செட்டிங்ஸில் டைம்பேஸை (லூப் எதைப் பின்தொடர வேண்டும் என்ற அமைப்பு) ‘பீட்ஸ்: பொசிஷன், லெங்த், ரேட்’ என்று வையுங்கள்.

பின்சேர்க்கை: தைப்பூசக் காவடியில் பதிந்த தவிலுக்கு இந்த முறை வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யாது. ஊர்வலத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஒரே ரேட் போதாது. ஷிஃப்ட்+டபிள்யூ அழுத்தி ஸ்ட்ரெச் மார்க்கர்களைப் போட்டு இழுக்கலாம், ஆனால் தவிலின் உயிர் போய்விடும். ப்ராஜெக்டைத் தவிலுக்குப் பின்னால் நடக்க வையுங்கள்: சமத்திலிருந்து (தாளச் சுற்றின் முதல் அடி) அடுத்த சமம் வரை தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் ‘கிரியேட் மெஷர் ஃப்ரம் டைம் செலக்‌ஷன்’ கொடுத்து, இப்படியே சுற்றுச் சுற்றாக நகருங்கள். தொடங்கும் முன் அந்த ஐட்டத்தின் டைம்பேஸ் ‘டைம்’ என்று இருக்கட்டும். மேலே சொன்ன ‘பீட்ஸ்’ அப்படியே கிடந்தால், நீங்கள் வேகத்தைத் திருத்தத் திருத்தத் தவிலும் நகர்ந்துகொண்டே இருக்கும்.