நம்பர் 4-ல் யார்? உலகக் கோப்பைக்கு அணி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 பிப்ரவரி 3, வெலிங்டன். நியூசிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இந்தியா 18 ரன்னுக்கு 4 விக்கெட். போல்ட்டும் ஹென்றியும் பந்தை நகர்த்தி நகர்த்தி மேல்வரிசையைக் காலி செய்துவிட்டார்கள். அந்த நிலைமையில் நின்று ஆடி அம்பத்தி ராயுடு 90 ரன் எடுத்தார். மறுமுனையில் கை கொடுத்தவர் தமிழ்நாட்டின் விஜய் சங்கர், 45 ரன். இந்தியா 35 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

அதே ஆண்டு ஜூலை 10, மான்செஸ்டர். உலகக் கோப்பை அரையிறுதி. அதே நியூசிலாந்து, அதே போல்ட், அதே ஹென்றி. இந்தியா 5 ரன்னுக்கு 3 விக்கெட். ரோகித், கோலி, ராகுல் மூவரும் ஆளுக்கு 1 ரன். வெலிங்டனில் மீட்டுக்கொடுத்த இரண்டு பேரில் ஒருவர்கூட இப்போது அணியில் இல்லை.

நடுவில் இருந்தது ஐந்தே மாதம். பெரிய தொடருக்கு முன் அணி எடுப்பதில் நடக்கக்கூடிய தவறுகளில் பாதி அந்த ஐந்து மாதத்துக்குள்ளேயே நடந்து முடிந்தது.

முதலாவது, கடைசி மூன்று இன்னிங்ஸை வைத்து ஆளை எடைபோடுவது. 2018 அக்டோபரில் ராயுடுதான் நம்பர் 4, அதாவது நான்காவதாக இறங்கும் பேட்ஸ்மேன், உலகக் கோப்பை வரை அவரை ஆட வைக்க வேண்டும் என்று கேப்டன் கோலியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். 2019 மார்ச்சில் ஆஸ்திரேலியா இங்கே வந்தது. ராயுடு 13, 18, 2. அத்தோடு கடைசி இரண்டு ஆட்டங்களில் இடமில்லை, அடுத்த மாதம் உலகக் கோப்பை அணியிலும் இல்லை. ஃபார்ம் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த பிட்ச்சில் வந்த ஃபார்ம் என்று கேட்டாக வேண்டும். அந்த மூன்று ஆட்டங்களும் ஐதராபாத், நாக்பூர், ராஞ்சியில் நடந்தவை. உலகக் கோப்பை நடக்கப்போவது இங்கிலாந்தில். மேகம் மூடிய மான்செஸ்டர் காலைக்கு நெருக்கமான பரீட்சை வெலிங்டன்தான். அதில் பாஸானவரை ராஞ்சி மார்க்கை வைத்து ஃபெயிலாக்கினோம்.

இரண்டாவது, ஆல்ரவுண்டர் ஆசை. ஏப்ரல் 15 அன்று அணியை அறிவித்தபோது, விஜய் சங்கர் பேட்டிங், பௌலிங், ஃபீல்டிங் என்று மூன்றும் செய்வார் என்பதைத் தேர்வுக் குழு காரணமாகச் சொன்னது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்ற கணக்கு யாருக்கும் பிடிக்கும். ஆனால் நம்பர் 4 முழுக்க முழுக்க பேட்டிங் வேலை. இரண்டு விக்கெட் சீக்கிரம் விழுந்தால் நங்கூரம் போட வேண்டும், 30 ஓவருக்கு மேல் இறங்கினால் வேகம் கூட்ட வேண்டும். அந்த வேலைக்குப் பந்துவீசத் தெரிந்திருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. வேகப்பந்து ஆல்ரவுண்டராக ஹர்திக் ஏற்கெனவே அணியில் இருந்தார்.

இதில் விஜய் சங்கர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. நாக்பூரில் கடைசி ஓவரில் 11 ரன்னைக் காக்க வேண்டிய நேரத்தில் இரண்டு விக்கெட் எடுத்து ஜெயிக்க வைத்தவர் அவர். உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, காயம்பட்ட புவனேஸ்வரின் ஓவரை முடிக்க வந்து முதல் பந்திலேயே இமாமை எல்பிடபிள்யூ ஆக்கினார். ஜனவரியில்தான் ஒருநாள் போட்டியில் அறிமுகமான ஒரு பையனிடம், ஜூன் மாதம் அணியின் மிகப் பெரிய ஓட்டையை அடைக்கச் சொன்னதுதான் தப்பு.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் ஆறாதது: ஒரு வேலைக்கு இரண்டாவது ஆளைத் தயாராக வைக்காமல் போவது. தவானுக்கு விரலில் அடி, ராகுல் ஓபனிங்குக்குப் போனார், நம்பர் 4 மறுபடி காலி. ராகுல், ஹர்திக், விஜய் சங்கர், பந்த் என்று அந்தத் தொடரின் 9 இன்னிங்ஸில் 4 பேர் அந்த இடத்தில் இறங்கினார்கள். விஜய் சங்கருக்கும் கால் விரலில் காயம் என்றபோது, காத்திருப்புப் பட்டியலில் இருந்த ராயுடுவைக் கூப்பிடவில்லை. அதுவரை ஒரு ஒருநாள் ஆட்டம்கூட ஆடாத மயங்க் அகர்வாலுக்கு டிக்கெட் போட்டார்கள். அவரோ ஓபனர். ஜூலை 3 அன்று ராயுடு ஓய்வை அறிவித்தார்.

ஒரு வாரம் கழித்து மான்செஸ்டர். தினேஷ் கார்த்திக் 25 பந்தில் 6 ரன், நீஷம் பாய்ந்து பிடித்த கேட்ச். 10 ஓவரில் 24 ரன்னுக்கு 4 விக்கெட். பந்த் 32 எடுத்து, சாண்ட்னரைத் தூக்கி அடிக்கப் போய் அவுட். ஹர்திக்கும் 32, அதே சாண்ட்னரிடம் அதே கதை. பந்த் போன பிறகு, 7-வது ஆளாகத்தான் தோனி வந்திருந்தார். ஜடேஜாவின் 77, தோனியின் 50, இருவரும் சேர்த்த 116, எல்லாம் இருந்தும் 18 ரன்னில் தோற்றோம்.

அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய தொடர் வந்தால் தாளில் முதலில் பெயர்களை எழுதுவதில்லை, வேலைகளை எழுதுகிறேன். புதுப்பந்தைச் சமாளிப்பவர், சுழலை நடு ஓவர்களில் அடிப்பவர், விக்கெட் விழாதபோது விழவைக்கும் பௌலர், 46-வது ஓவரிலிருந்து போடுபவர் என்று. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர். இரண்டாவது பெயர் எழுத முடியாமல் பேனா நின்றால், அங்கேதான் ஆபத்து இருக்கிறது. நண்பர்களோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள், "அவனை எப்படி விடலாம்" என்ற சண்டை பாதி குறைந்துவிடும்.

இன்னொரு பெரிய தவறு நம்பர் 8 பற்றிய பயம். 2023 உலகக் கோப்பையின் முதல் நான்கு ஆட்டங்களில் முகமது ஷமி வெளியே உட்கார்ந்திருந்தார். காரணம், 8-வது இடத்தில் கொஞ்சம் பேட்டிங் தெரிந்தவர் வேண்டும். அதற்காக அஸ்வின் ஒரு ஆட்டம், மூன்று ஆட்டங்கள் ஷர்துல் தாக்கூர். புனேயில் வங்கதேசத்துக்கு எதிராக ஹர்திக்குக் கணுக்காலில் அடிபட்ட பிறகுதான், வேறு வழியில்லாமல் ஷமி உள்ளே வந்தார். தர்மசாலாவில் வந்ததும் 5 விக்கெட், அரையிறுதியில் 57 ரன்னுக்கு 7, மொத்தம் 7 ஆட்டங்களில் 24. அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. 8-வது ஆள் எப்போதாவது அடிக்கப்போகும் 20 ரன்னுக்காக இப்படிப்பட்ட ஒருவரை விடுவது பெரிய நஷ்டம்.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஹர்திக் போனதும் ஆறாவது பௌலர் இல்லை, கீழே பேட்டிங்கும் மெலிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அகமதாபாத் இறுதியாட்டத்தில் ராகுல் 107 பந்தில் 66, அதில் ஒரே ஒரு பவுண்டரி. பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்தால் யாருக்கும் கை தயங்கும். 240 போதவில்லை. இருந்தாலும் ஷமியை எடுத்தது சரி என்றுதான் நான் நிற்பேன். தப்பு, ஹர்திக் இல்லாத அணி எப்படி இருக்கும் என்று தொடருக்கு முன்பே ஆடிப் பார்க்காதது.

காயம்பட்டவரை எடுக்கலாமா? எடுக்கலாம், கணக்குத் தெளிவாக இருந்தால். அதே 2023-ல் டிராவிஸ் ஹெட்டுக்குச் செப்டம்பரில் கை எலும்பு முறிந்தது. முதல் பாதியில் ஆடமாட்டார் என்று தெரிந்தே ஆஸ்திரேலியா அவரை 15 பேரில் வைத்து, 14 பேரோடு சமாளித்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் சதம், இறுதியில் 137. அந்த இறுதியில் அவருக்குத் துணையாக ஆட்டமிழக்காமல் 58 எடுத்த லபுஷேன், ஆகஸ்டில் அறிவித்த 18 பேர் பட்டியலிலேயே இல்லாதவர். 2019-ல் இங்கிலாந்தும் இப்படித்தான், முதலில் அறிவித்த 15-ல் ஜோஃப்ரா ஆர்ச்சர் இல்லை. வில்லியை நீக்கிவிட்டு கடைசி நேரத்தில் அவரைச் சேர்த்தார்கள். லார்ட்ஸ் இறுதியாட்டம் சமனானபோது சூப்பர் ஓவர் போட்டது அவர்தான். பட்டியல் போட்டாயிற்று, இனி மாற்றினால் கௌரவக் குறைவு என்று நினைப்பதும் ஒரு தவறுதான்.

அதற்காகத் தொடர் தொடங்கிய பிறகு பதற்றத்தில் வரிசையைக் கலைக்கக் கூடாது. 2021 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் தோற்ற அடுத்த ஆட்டத்திலேயே, ரோகித்தை மூன்றாவதாக இறக்கி இஷான் கிஷனை ஓபனிங் அனுப்பினோம். வந்தது 110 ரன். 2007 ஒருநாள் உலகக் கோப்பையில் ஓபனர் சச்சினை நம்பர் 4-க்கு மாற்றியதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

அந்த 2021 அணியில் ஒரு பெயரை மறக்க முடியாது: வருண் சக்கரவர்த்தி. ஐபிஎல்லில் எவருக்கும் பிடிபடாத பௌலர் என்ற பேரோடு, அதுவரை மூன்றே மூன்று சர்வதேச டி20 ஆடியிருந்தவரை உலகக் கோப்பைக்கு அனுப்பினோம். துபாய் இரவு ஆட்டம், பனியில் நனைந்த பந்து. மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்கூட இல்லை. பிறகு மூன்று ஆண்டுகள் அணிப் பக்கமே அவரைக் கூப்பிடவில்லை. ஆளை எடுத்ததில் அவசரம், கைவிட்டதில் அதைவிட அவசரம். அந்த மூன்று ஆண்டுகளில் அவர் பந்தைச் சுழற்றும் விதத்தையே மாற்றிக்கொண்டார்.

2025 சாம்பியன்ஸ் டிராபிக்கு முதலில் அறிவித்த அணியில் அவர் இல்லை. ஆட்டங்கள் துபாயில், பிட்ச் மெதுவாக இருக்கும் என்பதால் ஜெய்ஸ்வாலை நீக்கிவிட்டு ஐந்தாவது ஸ்பின்னராக அவரைச் சேர்த்தார்கள். பலரும் சிரித்தார்கள், ஐந்து ஸ்பின்னர் எதற்கு என்று. முதல் இரண்டு ஆட்டங்களில் பெஞ்ச். மூன்றாவதில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். அரையிறுதியில் ஆஸ்திரேலியா. ஹெட் 33 பந்தில் 39 எடுத்து, மறுபடியும் அகமதாபாத்தா என்று நெஞ்சு படபடத்த நேரத்தில் பந்து வருணிடம் வந்தது. முதல் ஓவரிலேயே ஹெட் தூக்கி அடித்தார், லாங் ஆஃபில் கில் ஓடிவந்து பிடித்தார்.